ஆமை வேண்டாம், பல்லி போதும்

1950-களில் கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதி. அங்கே தங்கிப் படித்த மாணவன் ஒருவனின் கட்டிலுக்கு அடியில் மலைப்பாம்பு ஒன்று இருந்தது. வழிதவறி வந்த பாம்பல்ல, அவனே வளர்த்தது. அந்த மாணவனின் பெயர் ரோமுலஸ் விட்டேக்கர். 1943-ல் நியூயார்க்கில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்தவர். பள்ளி முடிந்து அமெரிக்கா போனவர், மியாமியில் பில் ஹாஸ்ட் நடத்திய பாம்புப் பண்ணையில் வேலை பார்த்துத் தொழில் கற்றார். திரும்பி வந்து, தாம்பரத்தை அடுத்த சேலையூரில் சிறிய அளவில் ஒரு பாம்புப் பண்ணையைத் தொடங்கி, 1972-ல் அதைக் கிண்டிக்குக் கொண்டுவந்தார். 1976-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணை வந்தது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகத் துணை நின்றார். இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் நச்சுமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி நெடுங்காலமாக அந்தச் சங்கத்திலிருந்துதான் போகிறது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கட்டிலடிப் பாம்பில் தொடங்கிய ஆர்வம் இவ்வளவு தூரம் போயிருக்கும்போது, தன் பள்ளியிலும் ஒரு பாம்போ ஆமையோ இருந்தால் என்ன என்று ஓர் அறிவியல் ஆசிரியருக்குத் தோன்றுவது நியாயம்தான். ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட பருவம் அப்படிப்பட்டது. அந்த வயதில் பிள்ளைகளுக்குப் பயம் முழுசாக ஊறியிருக்காது, ஆர்வமும் வற்றியிருக்காது. பாடப்புத்தகப் படத்தில் ஊர்வன அசைவதில்லை. உயிருள்ள ஒன்று கண்முன்னே நாக்கை நீட்டினால், கடைசி பெஞ்சும் எழுந்து நிற்கும்.

ஆனால் இன்று அந்த மலைப்பாம்பை யாரும் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்க முடியாது. கிண்டிப் பண்ணை வந்த அதே 1972-ல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. மலைப்பாம்பும் உடும்பும் நெடுங்காலமாகவே அதன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டபோது நல்ல பாம்பும் நட்சத்திர ஆமையும் அங்கே சேர்ந்தன. முதல் அட்டவணையில் உள்ள உயிரைப் பிடித்து வைத்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. பாடம் நடத்தத்தான் வைத்திருந்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது. வெளிநாட்டு இகுவானா, பால் பைத்தான் என்று போனாலும் வேலை எளிதில்லை. காட்டுயிர்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனங்களை வைத்திருப்பவர்கள், 2024-ல் வந்த விதிகளின்படி, அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த உயிரின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வகுப்பறை நல்ல இடமாகத் தெரியவில்லை. குறிப்பாகக் கொல்லிமலை வகுப்பறை.

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால் வருவது கொல்லிமலை. மேலே செம்மேடு, சோளக்காடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று ஊர்கள் ஆயிரம் மீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கின்றன. மார்கழி, தை இரவுகளில் கீழே ராசிபுரத்தில் இல்லாத குளிர் இங்கே இருக்கும். ஊர்வனவற்றின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயிலில் கிடந்தும் சூடான பாறையில் ஒட்டியும் வெளியிலிருந்துதான் சூட்டை வாங்கிக்கொள்கிறது. இதில் ஒரு லாபம் உண்டு. அதே எடையுள்ள பாலூட்டிக்கு வேண்டிய உணவில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருந்தாலே அவற்றுக்குப் போதும். நஷ்டமும் உண்டு. சூடு கிடைக்காவிட்டால் தின்றது செரிக்காது, நோய் எதிர்ப்பும் குன்றும். சமவெளிப் புதர்க்காட்டில் வாழப் பழகிய நட்சத்திர ஆமையை மலைமேல் ஒரு கண்ணாடித் தொட்டியில் வைத்தால், இரவெல்லாம் சூடேற்றும் விளக்கு எரிய வேண்டும். மழைக்காலத்தில் கம்பி அறுந்து மின்சாரம் போனால் அதுவும் போயிற்று.

தொட்டியை ஜன்னலோரம் வைத்தால் வெயில் கிடைக்குமே என்றால், அதுவும் ஏமாற்றுதான். வைட்டமின் டி உண்டாகத் தேவையான புற ஊதா பி கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். வெளிச்சம் இருக்கும், பலன் இருக்காது. சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராமல் ஆமையின் ஓடு மிருதுவாகி, கோணலாகி வளரும். மே மாத விடுமுறையில் அதற்கு யார் தீனி போடுவது என்ற கேள்வி வேறு இருக்கிறது.

ஒவ்வொரு ஆமைக்குப் பின்னாலும் ஒரு சந்தையும் இருக்கிறது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்துக்காக மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்படுவதாகக் கணக்குச் சொன்னது. 2019-ல் அதே பன்னாட்டு வணிக ஒப்பந்தம் அவற்றை வணிகத்துக்கே தடையான முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. வகுப்பில் அன்போடு வளர்க்கப்படும் ஒரு ஆமை, அதைப் பார்த்து வீட்டுக்குப் போகும் முப்பது பிள்ளைகளின் மனதில் ஆமையை ஒரு வாங்கக்கூடிய பொருளாகப் பதிய வைக்கும். இதுவே முதல் கவலையாக இருக்க வேண்டும்.

கடைகளில் குட்டியாக விற்கப்படும் சிவப்புக் காது ஆமையின் கதை இன்னொரு பாடம். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த அது, உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் இனங்களில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஐந்து ரூபாய் நாணயம் அளவில் வாங்கிய குட்டி, சில ஆண்டில் சாப்பாட்டுத் தட்டளவு வளரும். அலுத்துப்போனவர்கள் குளத்தில் விடுகிறார்கள். அங்கே அது உள்ளூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்கிறது.

அந்த ஆமையின் சொந்த நாட்டிலேயே அது ஒரு பெரிய சிக்கலைக் கிளப்பியது. ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா பாக்டீரியா சாதாரணமாகவே இருக்கும். அவற்றுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. மனிதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும், சிலருக்கு ரத்தத்திலும் கலந்துவிடும். சிறு பிள்ளைகள் ஆமைக்குட்டியைத் தொட்ட கையை வாயில் வைத்தார்கள், குட்டியையே வாயில் வைத்தார்கள். 1975-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கவே தடை போட்டது. பிள்ளையின் வாய்க்குள் போகாத அளவு என்பதுதான் கணக்கு. இந்தத் தடையால் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் குழந்தைகள் நோயிலிருந்து தப்புவதாக மதிப்பிடப்பட்டது. இன்றும் அங்கே பள்ளிகளில் சிறுத்தைப் பல்லியும் ஆஸ்திரேலியத் தாடி ஓணானும் வளர்க்கப்படுகின்றன. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பக்கத்தில் அவை வேண்டாம், தின்னும் இடத்தில் வைக்க வேண்டாம் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. நம் சிறிய பள்ளிகளில் பல இடங்களில் படிப்பதும் சத்துணவுத் தட்டோடு உட்காருவதும் ஒரே கூரையின் கீழ்தான்.

அப்படியானால் கொல்லிமலைப் பிள்ளைகளுக்கு உயிருள்ள ஊர்வன இல்லையா? இருக்கிறது. பள்ளிக்குள் அது ஏற்கெனவே வந்துவிட்டது. அதற்குத் தொட்டி வேண்டாம், விளக்கு வேண்டாம், தீனி வேண்டாம், விடுமுறையில் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டாம். டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பல்லிதானே என்று தள்ளிவிடக் கூடாது. 2019-ம் ஆண்டு கொல்லிமலையின் பெயரை இரண்டு பல்லிகளுக்கு வாங்கித் தந்தது. ஒன்று ஹெமிடாக்டைலஸ் கொல்லியென்சிஸ், வீட்டுப் பல்லியின் பேரினத்தைச் சேர்ந்தது. இன்னொன்று ஹெமிஃபில்லோடாக்டைலஸ் கொல்லியென்சிஸ், ஒல்லியான உடம்பும் குட்டையான கால்களும் கொண்ட சின்னஞ்சிறு பல்லி. இஷான் அகர்வால், அக்‌ஷய் கண்டேகர், வரத் கிரி ஆகியோர் இரண்டு ஆய்வுக் குழுக்களிலும் இருந்தவர்கள். இரண்டும் ஒரே ஆண்டில் வெவ்வேறு ஆய்வுக் கட்டுரைகளில் அறிவிக்கப்பட்டன.

இந்த ஒல்லிப் பல்லியின் வரலாறு கொஞ்சம் நின்று கேட்க வேண்டியது. சென்னை மாகாண வனத்துறை அதிகாரியாக இருந்த பெட்டோம், 1870-ல் சேர்வராயன் மலையிலிருந்து இப்படி ஓர் ஒல்லிப் பல்லியை விவரித்திருந்தார். அதன்பின் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குத் தென்னிந்திய மலைகளில் இதைப்போல எது கிடைத்தாலும் அந்த ஒரே பெயரில்தான் அடங்கியது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. மரபணுவைப் படித்தபோது கதை மாறியது. தீபகற்ப இந்தியாவின் மலைகளில் ஏறத்தாழ ஒரு டஜன் தனித்தனி இனங்கள் வெளிப்பட்டன. ஆந்திரத்தின் அரக்கு மலையில் ஒன்று, பெங்களூரின் ஆராய்ச்சி வளாகத்தில் ஒன்று, கொல்லிமலையில் ஒன்று என்று மூன்றுக்கு அந்த ஆண்டில் பெயர் கிடைத்தது.

எப்படி இப்படிப் பிரிந்தன? தெளிவான நாளில் கொல்லிமலையின் உச்சியில் நின்றால் சேர்வராயன் மலை கண்ணுக்குத் தெரியும். நமக்கு அது பஸ்ஸில் போய்வரும் தூரம். குளிர்ச்சியும் ஈரமும் பழகிய இந்தப் பல்லிக்கோ நடுவிலே கிடக்கும் சேலம், ராசிபுரத்துச் சமவெளி கடக்க முடியாத வெக்கை. கடலுக்கு நடுவே தீவு இருப்பதைப் போல, வெயிலுக்கு நடுவே ஒவ்வொரு மலையும் தனித்து நிற்கிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் இப்படிப் பிரிந்திருந்த கூட்டங்கள் மெல்ல மெல்ல வேறு வேறு இனங்களாயின. டார்வின் கலாபகஸ் தீவுகளில் பார்த்த அதே விதி. அதைச் சொல்லிக்கொடுக்கப் பசிபிக் பெருங்கடல் வரை போக வேண்டியதில்லை. சேர்வராயன் மலைப் பல்லியையும் கொல்லிமலைப் பல்லியையும் வைத்தே ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரிணாமத்தை விளக்கிவிடலாம். பாடநூல் எழுதுபவர்கள் இதைக் கண்டுகொள்ள வேண்டும்.

சுவருக்குத் திரும்புவோம். பல்லி ஒன்று ஜன்னல் கண்ணாடியின் மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் அடிப்பாதம் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு விரலின் அடியிலும் வரிவரியாகத் தகடுகள். அந்தத் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ரோமங்கள். டோக்கே என்ற பல்லி இனத்தின் ஒரு பாதத்தில் ஏறத்தாழ 5 லட்சம் ரோமங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது, ஒவ்வொரு கிளையின் முனையும் சுமார் 200 நானோமீட்டர்தான். இவ்வளவு நெருக்கமாகச் சுவரைத் தொடும்போது, மூலக்கூறுகளுக்கிடையே எப்போதும் இருக்கும் வான் டெர் வால்ஸ் விசை என்ற மெல்லிய ஈர்ப்பு, பல்லியின் எடையையே தாங்கும் பலமாகத் திரண்டுவிடுகிறது. கெல்லர் ஆட்டம் என்ற அறிவியலாளரின் குழு 2000-ல் ஒற்றை ரோமத்தின் பிடியை அளந்து, பிறகு இந்த விசைதான் காரணம் என்று நிறுவியது. பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை. பல்லி நடக்கும்போது கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். காலை எடுக்கும் முன் விரல்நுனிகளை மேல்நோக்கிச் சுருட்டும். அப்படி உரித்து எடுப்பதால்தான் ஒட்டிய கால் சட்டென்று விடுபடுகிறது.

வயிற்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும். வீட்டுப் பல்லியின் அடிவயிற்றுத் தோல் அவ்வளவு மெல்லியது. சினைப் பல்லியின் வயிற்றில் வெளிச்சம் படும்போது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெள்ளை முட்டைகள் தெரியும். சுவரில் தொங்கும் இந்திய வரைபடத்துக்குப் பின்னாலோ சுவிட்ச் போர்டின் சந்திலோ அவற்றை இட்டுவிட்டு அது போய்விடும். பாம்பு முட்டையின் ஓடு தோல்போல இருக்கும், இதன் ஓடு கோழி முட்டையைப்போலக் கெட்டி. கண்ணைப் பார்த்தால் இமையே இருக்காது. தூசி படிந்தால் நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும்.

வாலை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அறுந்து துடிக்கும் வால், சேட்டைக்காரப் பிள்ளைகள் தாங்களே நடத்திப் பார்த்த முதல் உயிரியல் பரிசோதனை. அது எங்கே வேண்டுமானாலும் அறுவதில்லை. வால் எலும்புகளின் உள்ளேயே முறிவதற்கென்று கோடுகள் இருக்கின்றன. முறிந்ததும் தசைகள் இறுகி ரத்தத்தைக் கட்டுப்படுத்துகின்றன. துண்டு வால் துடித்து எதிரியின் கவனத்தை இழுக்கும், பல்லி தப்பிவிடும். மீண்டும் வளரும் வாலில் எலும்பு இருக்காது, குருத்தெலும்புக் குழல்தான் இருக்கும். நிறமும் செதிலும் பழைய வாலோடு ஒத்துப்போகாது. வாலில்தான் பல்லி கொழுப்பைச் சேமிக்கிறது, எனவே விளையாட்டாக அறுத்துவிடுவது அதற்குப் பெரிய இழப்பு. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை அடுத்த முறை கல்லை எடுக்க யோசிக்கும் என்று நம்பலாம்.

விஷ பயம் ஒன்று மீதி இருக்கிறது. சாப்பாட்டில் பல்லி விழுந்து பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி அவ்வப்போது வருகிறது. நம் ஊர்ப் பல்லி எதற்கும் நஞ்சு கிடையாது. அரணைக்கும் கிடையாது. அரணை கடித்தால் மரணம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தாலும் அது கடித்து யாரும் சாவதில்லை. ஓணான் ரத்தம் உறிஞ்சுவதும் இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவப்பது பெண்ணைக் கவரவும் போட்டி ஆணை விரட்டவும்தான். ஆனாலும் பல்லி விழுந்த சோற்றைக் கொட்டிவிடத்தான் வேண்டும், காரணம் வேறு. பல்லியின் எச்சத்திலும் சால்மொனெல்லா இருக்கக்கூடும். சத்துணவுக்கூடத்தில் பாத்திரத்தை மூடி வைப்பதும், பல்லியைக் கண்ணால் மட்டும் பார்ப்பதும், தப்பித் தவறித் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் போதும். பயத்தில் வரும் வாந்திக்கும் கிருமியால் வரும் வாந்திக்கும் வித்தியாசம் உண்டு என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளலாம்.

பாம்பு பற்றிப் பேசாமல் கொல்லிமலையில் ஊர்வனப் பாடம் முடியாது. மண்வெட்டியால் தோட்டத்து மண்ணைப் புரட்டும்போது கேடய வால் பாம்புகள் சில நேரம் வெளியே வரும். கூர்மையான தலை, வெட்டிவிட்டதைப்போல மொட்டையான சொரசொர வால். அந்த வாலில் ஒட்டும் மண், பின்னால் துரத்தி வரும் எதிரி நுழையாதபடி வளையை அடைத்துவிடும். இந்தக் குடும்பப் பாம்புகள் தென்னிந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. தின்பது மண்புழு, போடுவது குட்டி, கடிப்பது கிடையாது. கொல்லிமலைக்கு அண்டையில் உள்ள போதமலையிலிருந்து 2013-ல் ரைனோஃபிஸ் கோவெரி என்ற புதிய கேடய வால் பாம்பு அறிவிக்கப்பட்டது. விஷப்பாம்பு என்று நினைத்து அடித்துப் போடப்படுவதில் இப்படிப்பட்ட அரிய உயிர்களும் அடக்கம்.

அடிக்க வேண்டாம் என்று சொல்வதோடு, விலக வேண்டியது எதைக் கண்டு என்றும் சொல்லியாக வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் நாட்டில் அதிக உயிர்களைப் பறிப்பவை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-ல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தவர்கள். தமிழ்நாடு அரசு 2024-ல் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. இரவில் டார்ச் எடுத்துப் போவது, தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலைக்குள் படுப்பது, கடிபட்டால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல் உடனே மருத்துவமனைக்குப் போவது என்ற மூன்றையும் எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் சொல்லும் அளவுக்குத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இதற்கு உயிருள்ள பாம்பு தேவையில்லை. தெளிவான நான்கு வண்ணப்படங்கள் போதும்.

சுவரில் இருக்கும் பல்லியை வைத்து உண்மையான ஆய்வே செய்யலாம். ஒரு வெப்பமானி, ஒரு நோட்டு, மாலை இருட்டியபின் விடுதியிலோ வீட்டிலோ விளக்கடியில் பத்து நிமிடம். எத்தனை பல்லி, அப்போது எவ்வளவு வெப்பம், எத்தனை பல்லிக்கு மீண்டும் வளர்ந்த வால். வைகாசியில் தொடங்கித் தை வரை எழுதினால், சூட்டுக்கும் ஊர்வனவற்றின் நடமாட்டத்துக்கும் உள்ள உறவைப் பிள்ளைகளே வரைபடமாக வரைந்துவிடுவார்கள். வளர்ந்த வால்களின் விகிதம், அந்த இடத்தில் பல்லிகள் ஆபத்திலிருந்து எவ்வளவு அடிக்கடி தப்பித்திருக்கின்றன என்பதற்குக் குறிப்புத் தரும். ஆசிரியரின் போனில் எடுத்த படத்தை ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலோ இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ ஏற்றினால், எந்த இனம் என்று சொல்ல ஊர்வன ஆய்வாளர்கள் அங்கே இருக்கிறார்கள்.

மலைமேல் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமே கைக்கு எட்டும் ஒரு வேலையும் உண்டு. கொல்லிமலைப் பிள்ளைகளில் பலருக்குக் கீழே அடிவாரத்தில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். சோளக்காட்டு வீட்டுச் சுவரில் எடுத்த பல்லிப் படம் ஒன்று, காரவள்ளி வீட்டுச் சுவரில் எடுத்தது ஒன்று, நடுவே எந்தெந்த உயரத்தில் வீடு இருக்கிறதோ அங்கெல்லாம் ஒன்று என்று சேர்த்தால், குளிர் பழகிய ஒல்லிப் பல்லி மலையில் எவ்வளவு உயரம் வரை இறங்கி வருகிறது, சமவெளிப் பல்லி எவ்வளவு உயரம் வரை ஏறுகிறது என்று ஒரு கோடு போடலாம். படத்தோடு தேதியையும் ஊரையும் உயரத்தையும் எழுதிவைத்தால், அடுத்தடுத்து வரும் வகுப்புகள் அந்தக் கோடு நகர்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்.